பருப்பு டின்னில் எட்டு ஊசி

“மருந்துக்கடையில ஸ்டாக் இல்லேன்னீகளே அத்தே, எட்டு ஊசியும் பருப்பு டின்னுக்குள்ள கெடக்கே...”

“கத்தாதத்தா, வயித்துப் பிள்ளைக்குக் கேட்டுரும்...”

“எட்டு நாளாப் போடல! டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாக...”

“சொல்லுவாக. வளையல் போட்ட வயித்துல ஊசியக் குத்தலாமா?”

இருளம்மாள் டின்னைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், மருமகளின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த மறுநாளே எல்லாவற்றையும் துவரம்பருப்புக்குள் புதைத்தவள் அவள்தான். போன தடவை மூன்றாம் மாதமே கலைந்துபோனது. இதுவாவது தங்க வேண்டும் என்பதைத் தவிர அவள் மனதில் வேறு கள்ளமில்லை.

“தைராய்டும் இருக்கு, ஒண்ணு கலைஞ்சும் போயிருக்கு, ஊசி போடலேன்னா ரத்தம் உறைஞ்சுக்கிரும்னு சொன்னப்ப நீங்களும் கூடத்தான இருந்தீக?”

“இருந்தேன். தைராய்டு கழுத்துல இருக்கு. ஊசி எதுக்குத்தா வயித்துல?”

அந்தக் கோபத்திலும் அனுசுயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவள் சட்டென்று முகம் சுளித்து, இடது காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். கெண்டைக்கால் விம்மிப் பளபளத்தது. வலது கால் எப்போதும்போல ஒல்லியாகவே இருந்தது.

“மாசமானா கால் வீங்கத்தாஞ் செய்யும். நீட்டு.”

சண்டை அதோடு அமர்ந்தது. செய்த தப்புக்கு ஈடு கட்டுகிறவள்போல இருளம்மாள் நல்லெண்ணெயைச் சுடவைத்து எடுத்து வந்தாள். காலை மடியில் போட்டு, கணுக்காலிலிருந்து முழங்கால்வரை அழுத்தி அழுத்தி நீவினாள். கல்லாயிருந்த சதை இளகுவதுபோலத் தெரிந்தது. கை இன்னும் வேகமாக ஓடியது.

ஊசி போட வரச்சொல்லி நர்ஸ் ஜெபஷீலாவைப் போனில் கூப்பிட்ட அனுசுயா, கால் வலியையும் சொன்னாள். ஸ்பீக்கரில் குரல் வந்தது.

“எந்தக் காலும்மா? ரெண்டுமா?”

“எடது மட்டுந்தாங்க்கா. அத்தை எண்ணெய் போட்டு நீவுறாக.”

“நீவுறாகளா? ஐயோ, கைய எடுக்கச் சொல்லு! உள்ள ரத்தம் கட்டியிருந்தா பிச்சுக்கிட்டு நெஞ்சுக்கு ஏறிரும். அசையாமப் படு, ஆம்புலன்சு அனுப்புறேன்.”

இருளம்மாள் கையை எடுத்தாள். விரல் நுனியிலிருந்து எண்ணெய் சொட்டியது.

அனுசுயா ஏதோ சொல்ல வாயெடுத்து, இருமினாள். மறுபடி இருமினாள். நெஞ்சைப் பிடித்த கையில் வளையல்கள் ஒரு தரம் குலுங்கி நின்றன. போன் கட்டிலுக்கடியில் விழுந்தது.

இருளம்மாள் தட்டுத்தடுமாறி டின்னை எடுத்துவந்து அவள் மடியில் கவிழ்த்தாள்.

“ஏத்தா, போட்டுக்கிறலாம்த்தா... இந்தா, எட்டும் இருக்கு, எண்ணிப் பாரு.”