ஏழிதழ்ப் பாலாடை

1953ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி, சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, கோயமுத்தூருக்குக் கிழக்கே சிங்காநல்லூரில், வெங்கடபதியின் கட்டுத்தறியில் நின்ற செவலைப் பசு ஏலக்காய் மணத்தோடு வெல்லம் கரைத்த பாலைக் கறந்தது. அளவு எப்போதும்போல மூன்று படி. காய்ச்சி ஆற வைத்தபோது மேலே படிந்த ஆடை, நடுவில் ஒரு வளையமும் சுற்றிலும் இதழ்களுமாகப் பூப்போலத் திரண்டது. பெருமாள் கோயில் அர்ச்சகர் அதைப் பார்த்துத் தாமரை என்றார். கால்நடை டாக்டர் ஒரு சீசாவில் பால் வாங்கிப்போய், மாட்டுக்கு நோய் எதுவும் இல்லை, பருத்திக்கொட்டையைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். ஒண்டிப்புதூரிலிருந்தும் இருகூரிலிருந்தும் சொம்போடு ஆட்கள் வந்தார்கள். ஜனவரி ஆறாம் தேதிவரை இனித்த பால் ஏழாம் தேதி சாதாரணப் பாலாகிவிட்டது. அடுத்த வருடமும் டிசம்பர் 26 அன்று இனிப்பு தொடங்கி, அதே ஜனவரி ஆறில் முடிந்தது. மூன்றாம் வருடத்தில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. தை பிறந்தால் கரும்பு வண்டி வருகிற மாதிரி, டிசம்பர் கடைசியில் செவலையின் பால் இனிக்கும் என்று வைத்துக்கொண்டார்கள்.

வெங்கடபதிக்குப் பருத்திக்காடும் இரண்டு கிணறும் இருந்தன. மில்லில் கொஞ்சம் பங்கும், மில் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்ட பத்து லைன் வீடுகளும் இருந்தன. அந்த லைனில் மூன்றாவது வீட்டுக்கு 1953 ஜூனில் குடிவந்தவள் சலேத்மேரி. புருசன் சூசைராஜ் மில்லில் ஃபிட்டர். அவள் பிறந்தது பல்லடத்துக்குப் பக்கத்தில் ஊருக்கு வெளியே இருந்த ஒரு தெருவில். அந்தத் தெரு ஞானஸ்நானம் வாங்கி இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. ஆனாலும் அவளுடைய அப்பா சவரிமுத்துவுக்கு ஊர் டீக்கடையில் கொட்டாங்குச்சியில்தான் டீ ஊற்றினார்கள். வேதம் மாறியது கடைக்காரருக்கும் தெரியும், அவரும் கிறிஸ்துமஸுக்கு விசாரிப்பார், விசாரித்துக்கொண்டே கொட்டாங்குச்சியில் ஊற்றுவார். சலேத்மேரிக்கு நகையாசையோ சேலையாசையோ அதிகம் இல்லை. தன் கையால் செய்ததை, அப்படிக் கொட்டாங்குச்சியில் ஊற்றுகிறவர்களின் வீடு ஒன்றில் ஒருவர் தன் கண்முன்னால் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் ஆசை. அதைப் புருசனிடம்கூட அவள் சொன்னதில்லை.

முதல் கிறிஸ்துமஸுக்கே அவள் எல்லாவற்றையும் முறையாகச் செய்தாள். மூங்கிலைச் சீவி, கோட்டைமேட்டில் பஷீர் கடையில் வாங்கிய காத்தாடிக் காகிதத்தை ஒட்டி, வாசலில் நட்சத்திரம் கட்டி உள்ளே சிம்னி விளக்கு வைத்தாள். கொட்டாங்குச்சிகளில் ராகி முளைக்கவிட்டுக் குடிலுக்குப் புல் செய்தாள். இரண்டு நாள் அடுப்படியில் உட்கார்ந்து அதிரசமும் சோமாசியும் அச்சு முறுக்கும் சுட்டாள். அச்சு முறுக்கு சுடும் இரும்பு அவள் அம்மா விட்டுப்போனது. அதன் பூ வடிவ அச்சில் எட்டு இதழில் ஓர் இதழ் ஒடிந்துபோய் ஏழுதான் மிச்சம். பண்டிகையன்று காலைப் பூசை முடிந்ததும் இரண்டு தட்டுகளை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஒன்று லைனின் கடைசி வீட்டில் இருந்த பஷீரின் பெண்டாட்டி உம்மல் குல்சுமுக்கு, மற்றது வெங்கடபதியின் பெண்டாட்டி ராமாமணிக்கு.

உம்மல் குல்சும் தட்டை வாங்கும்போதே ஒன்றைக் கடித்துவிட்டுப் பேசுகிறவள். மறுநாள் அதே தட்டில் பேரீச்சம்பழம் வைத்துக்கொண்டு வந்தாள். "ஏன் மேரி, அதிரசத்துல என்னத்தப் போட்டே? எங்கூட்டுக்காரரு நாலைத் தலகாணிக்கு அடியில ஒளிச்சு வெச்சாரு. விடிஞ்சு பாத்தா எறும்பு தின்னது போக மீதியை அவரு தின்னுட்டிருக்காரு" என்றாள். ராமாமணி அப்படிச் சத்தம் போட்டுப் பேசுகிறவள் அல்ல. இரண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கினாள். "எதுக்குங்க அம்மணி இத்தனை சிரமம்" என்றாள். சாயங்காலம் தட்டைக் கழுவித் துடைத்து, வெறும் தட்டாகக் கொடுக்கக் கூடாது என்று வெற்றிலையும் இரண்டு பழமும் வைத்து அனுப்பினாள். "நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க" என்று தட்டைக் கொண்டுவந்த ஆள் சொன்னான். அன்றைக்கே சலேத்மேரி பல்லடத்துக்கு ஒரு தபால் கார்டு எழுதினாள். சவரிமுத்துவுக்குப் படிக்கத் தெரியாது. உபதேசியார் அதை மாதா கோயில் வாசலில் நின்று உரக்கப் படித்தார். வீட்டுக்காரம்மா நம் பலகாரத்தைச் சாப்பிட்டு நன்றாக இருந்தது என்றார்கள் என்ற வரியைக் கூடியிருந்தவர்கள் மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அந்தக் கார்டைச் சவரிமுத்து சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். துணி மாற்றும்போது கார்டும் மாறியது.

செவலையின் பால் விஷயத்தில் சலேத்மேரிக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை. பாலகன் பிறந்த தொழுவத்தில் மாடும் நின்றதால், இந்த மாடும் பண்டிகை கொண்டாடுகிறது என்று நினைத்தாள். குடிலில் வைத்த களிமண் மாட்டுக்கு அந்த மரியாதைக்காகச் செங்காவி பூசினாள். புது வருசத்தன்று ராமாமணி லைன் வீடுகளுக்கெல்லாம் ஆளுக்கொரு சொம்பு இனிப்புப் பால் கொடுத்தனுப்புவாள். பிள்ளைகள் அதைக் காய்ச்சக்கூட விடாமல் குடித்துவிடும். காலிச் சொம்பில் சலேத்மேரி ஒரு பிடி கடலையோ நாலு எலுமிச்சையோ போட்டுத் திருப்பி அனுப்புவாள். நாலு வருடம் இப்படியே நடந்தது.

1958 புது வருசத்தன்று சலேத்மேரியின் மூத்த பையனுக்குக் காய்ச்சல். காய்ச்சிய பாலைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தாள், அவன் தொடவில்லை. பால் ஆறியது. ஊரெல்லாம் தாமரை என்று சொன்ன அந்த ஆடையை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். இதழ்களை எண்ணினாள், ஏழு. எட்டாவது இதழ் இருக்க வேண்டிய இடத்தில் ஒடிந்த முனைபோல ஒரு சின்ன மேடு. பரண்மேல் இருந்த அச்சிரும்பை எடுத்துவந்து கிண்ணத்தின்மேல் பிடித்தாள். ஓர் இம்மிகூட வித்தியாசம் இல்லாமல் பொருந்தியது. ஐந்து வருடப் பலகாரமும் எங்கே போனது என்று அவளுக்கு அப்போது புரிந்தது. சூசைராஜ் மில்லிலிருந்து வந்ததும் சொன்னாள். அவன் சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே, "மனுசன் தின்னா என்ன, மாடு தின்னா என்ன, வாடகையை ஏத்தாம இருந்தாச் சரி" என்றான். உம்மல் குல்சுமிடமும் சொன்னாள். அவள், "மாட்டுக்குப் போடறதுன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நானும் நாலு கால்ல வந்து நின்னிருப்பனே" என்றாள். சலேத்மேரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகும் முந்தானையை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

அந்த வருடத்தோடு தட்டு அனுப்புவதை நிறுத்தியிருப்பாள். ஆனால் நவம்பரில் பல்லடத்திலிருந்து ஆள் வந்தது. ஐயனுக்கு உடம்பு தளர்ந்துவிட்டது, இந்தப் பண்டிகைக்கு வந்து அந்த அம்மா சாப்பிடுவதை ஒருதரம் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்கிறார் என்று சேதி. வேண்டாம் என்று சொல்லச் சலேத்மேரிக்கு வாய் வரவில்லை. கிழவர் முன்னால் நிற்கும்போது ஒரு துண்டையாவது ராமாமணி வாயில் போட்டுக்கொள்வாள் என்றும் அவளுக்குத் தோன்றியது.

சவரிமுத்து 24ஆம் தேதி சாயங்காலம் வெள்ளைச் சட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். வாசல் நட்சத்திரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உள்ளே வந்து குடில் ஓரத்தில் வரிசையாக இருந்த கொட்டாங்குச்சிகளைக் கண்டதும் நின்றுவிட்டார். "ஏங் கண்ணு, இதெல்லாம் எதுக்கு ஊட்டுக்குள்ள?" என்று கேட்டார். "குடிலுக்குப் புல்லுங்கய்யா, ராகி போட்டு மொளைக்க வெச்சிருக்கறேன்" என்றாள். அவர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் ஏந்தி, பழக்கத்தில் விளிம்பைக் கட்டைவிரலால் துடைத்து, திரும்ப வைத்தார்.

மறுநாள் வியாழக்கிழமை. பத்து மணிக்குத் தட்டைத் தானே தூக்கிக்கொண்டார். வெங்கடபதி முன்வாசலில் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ராமாமணி வெளியே வந்தாள். "வாங்க வாங்க, அம்மணியோட அய்யனுங்களா? பல்லடத்துப் பக்கம் மழையெல்லாம் எப்படிங்க?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு கையையும் நீட்டினாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. சவரிமுத்து தட்டைக் கொடுத்தார், ஆனால் விடவில்லை. "ஒரு வாய் போட்டுக்கிட்டீங்கன்னா பாத்துட்டுப் போயிருவனுங்க" என்றார். தட்டில் நாலு கைகள் இருந்தன. ராமாமணி அவரைப் பார்த்தாள், சலேத்மேரியைப் பார்த்தாள். "மார்கழி நோன்புங்க, சாயங்காலம் கண்டிப்பாச் சாப்பிடறனுங்க" என்றாள்.

அப்போது பின்கட்டில் கயிறு அறுகிற சத்தம் கேட்டது. அறுந்த கயிற்றை இழுத்துக்கொண்டு, பக்கத்துச் சந்து வழியாகச் செவலை முன்வாசலுக்கு வந்தது. யாரையும் முட்டவில்லை. நேரமாகிவிட்டதே என்று கேட்பதுபோல இருவருக்கும் நடுவில் தலையை நுழைத்து, அச்சு முறுக்கு ஏழையும் சோமாசி ஆறையும் அதிரசம் நாலையும் நிதானமாகத் தின்றது. தட்டை நக்கியது. பிறகு சவரிமுத்துவின் கையை நக்கியது. "பாத்தீங்களா, வருசா வருசம் தின்னு பழக்கம், வாசம் வந்ததும் ஓடியாந்துருச்சு" என்று வெங்கடபதி பேப்பருக்கு மேலாகச் சிரித்தார். சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கு உறைத்தது. ராமாமணி தரையைப் பார்த்தாள். "சரிங்க" என்றார் சவரிமுத்து. மாட்டின் நெற்றியைத் தடவிவிட்டு, "நல்ல மாடுங்க" என்றார். அன்று பிற்பகல் மூன்று மணி பஸ்ஸிலேயே ஊருக்குத் திரும்பினார். வழியனுப்பப் போன மகளிடம் வழி முழுக்க ராகி விலையைப் பற்றிப் பேசினார்.

1959இல் சலேத்மேரி குல்சும் வீட்டுக்கு மட்டும் தட்டு கொண்டுபோனாள். 26ஆம் தேதி காலை செவலையின் பால் வெறும் பாலாக இருந்தது, ஆடை தட்டையாகப் படிந்தது. அபிஷேகத்துக்குச் சொல்லி வைத்திருந்த கோயிலிலிருந்து ஆள் வந்து கேட்டான். இருகூரிலிருந்து வந்தவர்கள் வெறும் சொம்போடு நின்றார்கள். மத்தியானம் ராமாமணி தானே லைனுக்கு நடந்து வந்தாள். அவள் அங்கே வந்தது அதுவே முதல் தடவை. நட்சத்திரத்துக்கு அடியில், வாசற்படிக்கு வெளியே நின்றாள்.

"ஏனுங்க அம்மணி, இந்த வருசம் பலகாரம் சுடலீங்களா?"

"சுட்டிருக்கறனுங்கம்மா" என்று சலேத்மேரி உள்ளேபோய் ஓர் அச்சு முறுக்கைக் கொண்டுவந்தாள். "இங்கயே சாப்பிடுங்க. ஒண்ணு போதும். அப்பறம் கூடையோட மாட்டுக்குத் தாரேன்."

லைனில் பத்து வாசலிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். ராமாமணி அதை வாங்கினாள். ஏழு இதழையும் பார்த்தாள். கை மார்புவரை வந்தது, அங்கேயே நின்றது. அவள் கண்ணில் நீர் வந்ததை எதிரே நின்ற சலேத்மேரி பார்த்தாள். "கீழ போட எனக்கு மனசு வந்ததில்லீங்க அம்மணி, அதனாலதான் அதுக்கு வெச்சேன். கை வருது, வாய் வரலீங்க" என்றாள் ராமாமணி. முறுக்கை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பி நடந்தாள். "அந்தக் கையைத்தான் அஞ்சு வருசமா நம்பியிருந்தனுங்க" என்று சலேத்மேரி சொன்னது அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் நாலு மணிக்குச் செவலை தானாகக் கட்டை அவிழ்த்துக்கொண்டு லைனுக்கு வந்து மூன்றாவது வீட்டு வாசலில் படுத்தது. விரட்டினால் போகவில்லை. விளக்கேற்றிய பிறகும் நட்சத்திரத்தின் சிவப்பும் பச்சையும் முதுகில் விழப் படுத்தே இருந்தது. அந்த வீட்டிலிருந்து அவள் செய்ததைத் தின்ன வாசல் தேடி வந்தது அது ஒன்றுதான். சலேத்மேரி அதிரசத்தைப் பிட்டுத் தன் கையாலேயே ஊட்டினாள். 27ஆம் தேதி காலைப் பால் இனித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் செவலை நாலு மணிக்கு வரும், தின்னும், போகும். வெங்கடபதி அதைக் கட்டி வைக்கவும் இல்லை, அதைப் பற்றி எதுவும் சொல்லவும் இல்லை. கோயிலுக்குப் பால் தவறாமல் போனது.

1960 புது வருசத்தன்று வழக்கப்படி ராமாமணியின் சொம்பு வந்தது. சலேத்மேரி பாலைக் குழந்தைகளுக்குக் கொடுத்தாள். சொம்பைக் கழுவித் துடைத்து, உள்ளே ஒன்றும் போடாமல் திருப்பி அனுப்பினாள். அந்த லைனிலிருந்து ஒரு பாத்திரம் வெறுமையாகப் போனது அதுவே முதல் தடவை. அடுத்த வருடத்திலிருந்து மூன்றாவது வீட்டுக்குச் சொம்பு வரவில்லை.

சவரிமுத்து 1962 ஆடியில் இறந்துபோனார். அடக்கத்துக்குப் போன இடத்தில் உபதேசியாரின் பெண்டாட்டி சலேத்மேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கய்யன் சொல்லாத நாளில்ல கண்ணு. அந்தம்மா அவருக்கு முன்னாலயே ரெண்டு அச்சு முறுக்கத் தின்னுபோட்டு, மூணாவதுக்குக் கை நீட்டுனாங்களாமே?" என்றாள். சுற்றியிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பதிலுக்காகப் பார்த்தார்கள். கார்டு சவரிமுத்துவின் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுக்காமலேயே பெட்டியை மூடியிருந்தார்கள்.

"ஆமாங்க, தின்னாங்க" என்றாள் சலேத்மேரி.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் செவ்வாய்க்கிழமை வந்தது. செவலை நாலு மணிக்கு வந்து ஆறு அதிரசம் தின்றது. பால் ஜனவரி ஆறாம் தேதிவரை இனித்தது.