குட்டைக் காம்பு

மூன்று வாரம் இழுத்துக்கொண்டு கிடந்த ராயப்பன் செவ்வாய்க்கிழமை மத்தியானம் செத்தார். மகள் சகாயமேரி அப்போது ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து பார்த்தால் வாய் திறந்தபடி கிடந்தது. உட்கார்ந்து அழலாம் என்று நினைத்தாள். அதற்கு முன்னால் படுக்கைத் துணியை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினாள். தாடையைக் கட்டினாள். அதற்குள் அழுகை எங்கேயோ போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் கேட்டது ஒன்றுதான். "என்னிய உங்க அம்மாகிட்ட போட்டுடுங்க. வேற எங்கயும் தூக்கிகினு போவாதீங்க."

அவர் இந்த ஊருக்கு வந்து நாற்பத்தேழு வருஷம் ஆகிறது. செய்யாற்றுப் பக்கத்திலிருந்து பதினோரு குடும்பம் மூட்டை முடிச்சோடு வேப்பம்பட்டு தாண்டி வந்து இறங்கிற்று. ஒரு பாதிரி சாமியார் காட்டிவிட்ட இடம். சப்பாத்திக்கள்ளியும் பாம்பும்தான் இருந்தன. முதல் கோடையிலேயே ஏழு குடும்பம் திரும்பிப் போனது. ராயப்பன் போகவில்லை. ஊரில் போய் நிற்க அவருக்கு ஒரு கூரையும் இல்லை, அதுதான் காரணம். நெஞ்சுரம் என்றெல்லாம் பிற்பாடு கோயிலில் பேசினார்கள். அவர் கேட்டுக்கொண்டு பீடி பிடித்தார்.

சுக்கான்கல்லை உடைத்துக் கிணறு இறக்க இரண்டு வருஷம். முதலில் கேழ்வரகு, அப்புறம் வேர்க்கடலை, கிணற்றில் தண்ணீர் நின்ற பிறகு நெல். முதல் பிள்ளை பேதியில் போனபோது நிலத்தின் மேற்கு மூலையில் அவரே குழி வெட்டினார். பின்னால் செத்தவர்களையும் அங்கேயே கொண்டுவந்தார்கள். அது கல்லறைத் தோட்டம் ஆயிற்று. யாரும் கேட்கவில்லை, அவரும் எழுதிக் கொடுக்கவில்லை. எண்பத்தாறாம் வருஷம் கிணறு வற்றியது. மூன்று வருஷம் வானத்தைப் பார்த்துவிட்டு கல்லறை மூலை நீங்கலாக நிலத்தை மனை போடுகிறவர்களுக்கு அவரே கைநாட்டு வைத்துக் கொடுத்தார். மிச்சம் இருந்தது வீடும் ஆட்டுப்பட்டியும்.

புதன்கிழமை காலையில் கல்லறைத் தோட்டத்தில் உபதேசியார் செபாஸ்டியன் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். கெட்டவர் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"புதுக் குழிக்கு எடமில்லன்னு பங்குச்சாமி போன வருசமே சொல்லிட்டாரும்மா. ஊட்டு ஆளுங்க குழி இருந்தா தொறக்கலாம். உங்க அம்மா அன்னம்மாள் குழி எதுன்னு காட்டுங்க, தொறந்துடலாம். காட்ட முடியலன்னா டவுன் கல்லறைக்குத்தான் எடுத்துகினு போவணும்."

அன்னம்மாள் செத்து இருபத்தாறு வருஷம். மரச் சிலுவையைக் கரையான் தின்றுவிட்டது. அந்த வரிசையில் ஒரு குழிக்கும் அடையாளம் இல்லை. புல் மட்டும் முழங்கால் உயரம்.

"நைனா கணக்கு சொல்லிகீறாரு," என்றான் தம்பி இக்னேஷியஸ். ஆவடி டாங்கி தொழிற்சாலையில் கடைசல் வேலை, குடியிருப்பது சேக்காட்டில். சட்டைப் பையிலிருந்து கேன்டீன் சீட்டை எடுத்தான். அதன் முதுகில் எழுதி வைத்திருந்தான். "மூலக்கல்லுலேர்ந்து கெழக்க பதினேழு காம்பு. அங்கேர்ந்து தெக்க ஆறு."

ராயப்பன் வரப்பு, பாத்தி, குழி எல்லாவற்றையும் மம்மட்டிக் காம்பைப் படுக்க வைத்துத்தான் அளப்பார். இக்னேஷியஸ் குழி வெட்ட வந்த துலுக்கானத்தின் மம்மட்டியை வாங்கினான். காம்பை டேப்பால் ஒரு தடவை அளந்து, பதினேழாலும் ஆறாலும் பெருக்கி, சீட்டில் எழுதி, கல்லிலிருந்து டேப்பை இழுத்துப் பிடித்தான். நூல் பிசகாத வேலை. அடையாளத்துக்கு ஒரு குச்சியை நட்டான்.

துலுக்கானம் வெட்டினான். முழங்கால் ஆழத்தில் மம்மட்டி ணங்கென்றது. பக்கத்தில் வெட்டினான். அங்கேயும் கல்.

"இது யாரும் கை வெக்காத மண்ணு அண்ணாத்தே. ஒரு தபா தோண்டினதுன்னா சுக்கான் ஒடஞ்சி கலந்திருக்கும். டேப்பு புடிச்சி டாங்கி செய்யலாம், பொணத்துக்கு வேற கணக்கு."

"வாய மூடிகினு வெட்டுய்யா."

"கல்ல வெட்டவா?"

உபதேசியார் வாட்சைப் பார்த்தார். இக்னேஷியஸ் அக்காவின் அருகில் வந்து குரலைத் தணித்தான். "வேன் சொல்லிடலாமா? வெயில் ஏறிகினே போவுது. ஒடம்பு தாங்காது. கெழவருக்கு காய்ச்சல்ல இன்னா கணக்கு ஞாபகம் இருந்துச்சோ."

சகாயமேரிக்கு மூன்று வாரத் தூக்கம் கண்ணில் நின்றது. சரி என்று சொல்லிவிட்டால் உட்காரலாம். வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். முள் வெட்டி இந்த மண்ணில் முதலில் நின்ற ஆளை இங்கே இடமில்லை என்று கொண்டுபோவார்கள். ஆறடி கேட்டார், அதுவும் தன் மூலையில்.

துலுக்கானம் மம்மட்டியை ஊன்றி அதன் மேல் சாய்ந்து நின்றான். காம்பு அவன் தொப்புளைத் தாண்டி நின்றது. அவள் அதையே பார்த்தாள். அந்த மம்மட்டியோடு அவன் நிமிர்ந்து வேலை செய்தான். அவள் அப்பாவின் மம்மட்டியைப் பிடித்த நாளெல்லாம் இரண்டாய் மடிந்து வேலை செய்தாள்.

"டேய், அது கடைல வாங்குன காம்புடா," என்றாள். "நைனா குள்ளம். வேலங்கட்டய தனக்குன்னு கொறச்சி வெட்டி போட்டுப்பாரு. அத எடுத்தா எனக்கு இடுப்பு ஒடியும். இதுக்கு நாலு வெரக்கட கம்மி."

"நாலு வெரக்கடைல இன்னாக்கா வரப்போவுது?"

"பதினேழு தபா நாலு. நீதான் பெருக்குறவனாச்சே."

இக்னேஷியஸ் சீட்டைப் பார்த்தான். உதடு அசைந்தது. "நாலடிக்கு மேல தள்ளி நடைபாதைல வெட்டிகீறோம்," என்றான்.

அப்பாவின் மம்மட்டி இரும்பு தேய்ந்து போய் மூன்று வருஷம். காம்பு ஆட்டுப்பட்டிக் கதவுக்குத் தாழ்க்கட்டையாக இருந்தது. அவள் ஓடவில்லை; ஓட முடியாது. நடந்து போய் உருவினாள். கதவு தானாகத் திறந்துகொண்டது. ஆடுகள் அவளை உரசிக்கொண்டு மனைக்கற்களுக்கு நடுவே இறங்கின. மடக்க நேரமில்லை, விட்டுவிட்டாள்.

மூலைக்கல்லில் காம்பின் தலையை வைத்துப் படுக்க வைத்தாள். நுனியில் விரலால் கீறினாள். தூக்கிக் கீறலில் வைத்தாள். இக்னேஷியஸ் வாங்கிக்கொள்ள வந்தான், தரவில்லை. பதினேழு வந்ததும் தெற்கே திரும்பினாள். ஆறு.

"இங்க வெட்டு."

துலுக்கானம் இரண்டு போடு போட்டான். மூன்றாவதில் இரும்பு கழுத்து வரை இறங்கியது. "உள்ள போவுதுக்கா," என்றான், கொஞ்சம் மெதுவாக. இடுப்பளவில் அவன் மம்மட்டியை வைத்துவிட்டுக் கையால் தள்ளத் தொடங்கினான். எலும்பு வந்தது. அதிகமில்லை.

உபதேசியார் குனிந்து பார்த்தார். "அம்மாதானாம்மா?"

"நைனா சொன்ன எடம்," என்றாள் சகாயமேரி. "அம்மாதான்." அதற்கு மேல் உற்றுப் பார்க்கவில்லை.

பதினோரு மணிக்குப் பெட்டி வந்தது. அன்னம்மாளை ஒரு வெள்ளைத் துணியில் கட்டி அவர் கால்மாட்டில் வைத்தார்கள். உபதேசியார் செபம் சொன்னார். பெட்டி இறங்கியதும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். இக்னேஷியஸ் கை மண்ணைத் தட்டிவிட்டு அக்காவைப் பார்த்தான். "காம்பையும் உள்ள போட்டுடலாமாக்கா? அவரு கை புடிச்சது."

"பட்டி தொறந்து கெடக்குதுடா," என்றாள்.

காம்பைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். ஆடுகள் எவனோ மனையில் புதிதாக வைத்த செம்பருத்தியை மொட்டை அடித்திருந்தன. கத்தி, கல்லெடுத்து வீசி, ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள். கதவைச் சாத்திக் காம்பைச் செருகினாள். பிறகு நிமிர முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். இருபத்து மூன்று தடவை குனிந்த இடுப்பு. கொஞ்சம் நீளமாக ஒரு காம்பு போடு நைனா என்று எத்தனை வருஷம் சொல்லியிருப்பாள். அவர் கேட்டதேயில்லை.