ஒரே இணைப்பு, இரண்டு இடம்

தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு எழுபது எழுத்துத்தான் இடம். கொம்பும் குற்றுப் புள்ளியும் தனித்தனி எழுத்தாகக் கணக்காகும். அதற்கு மேல் போனால் செய்தி துண்டு துண்டாக உடையும். சில போன்களில் இரண்டாவது துண்டு முதலில் வந்து விழும். ஷிஃபானாவின் கந்தோர் இணையத்தளத்தில் ஒரு பக்கத்தின் முகவரியை மட்டும் போட்டாலே அந்த இடம் முடிந்துவிடும்.

அவள் கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் பாலம் கடந்து திருகோணமலைக்கு வருகிறவள். உட்துறைமுகப் பக்கம் இருந்த ஓர் அரச கந்தோரில் தகவல் அலுவலர். மாரியில் வெள்ளம், புயல், வீதி மூடல் என்று வருகிற அறிவித்தல்களைச் சனங்களின் போன்களுக்கு அனுப்புவது அவளுடைய வேலை. தமிழில் இடம் போதாததால் வெகுகாலம் அவை ஆங்கிலத்திலேயே போயின; ஆங்கிலத்தில் நூற்றறுபது எழுத்துக்கு இடமுண்டு. பிறகு வெளிநாட்டு இலவசச் சேவை ஒன்றில் முகவரியைச் சுருக்கித் தமிழில் அனுப்பிப் பார்த்தாள். திறந்தால் முதலில் விளம்பரம் வந்தது. அதே மாதிரி இணைப்போடு யாரோ மோசடிக்காரரும் செய்தி அனுப்ப, அப்படி வருகிற எதையும் திறக்க வேண்டாம் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அவளுடைய செய்திகளும் அதோடு சேர்ந்து அழிக்கப்பட்டன.

அதற்குப் பிறகுதான் கொழும்பிலிருந்து அரச இணையத்தளங்களுக்கென்றே ஒரு சுருக்குச் சேவை வந்தது. அரச மின்னஞ்சல் உள்ளவர்கள் மட்டுமே பாவிக்கலாம். அரச பக்கங்களை மட்டுமே சுருக்கலாம். இணைப்பைப் பார்த்தாலே அது அரசாங்கத்தினது என்று தெரியும். அவளுக்கு அதில் மிகவும் பிடித்தது வேறொன்று. அனுப்பிய இணைப்பு அப்படியே இருக்க, அது போய்ச் சேருகிற பக்கத்தைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். சனங்களும் பழகிவிட்டார்கள். வருகிற இணைப்பைப் பயமில்லாமல் திறந்தார்கள்.

அந்த ஆண்டு கார்த்திகையில் மேலே அணைகளைத் திறந்துவிட, வெருகல் ஆறு கரையை மீறியது. காலையில் ஷிஃபானா செய்தி அனுப்பினாள்: ‘வெருகல் ஆறு பெருகுகிறது. தங்குமிடம்:’ அதன் பின்னால் இணைப்பு. திறந்தவர்களுக்கு ஆற்றுக்கு வடக்கே இருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரும் வரைபடமும் வந்தன.

பகலானபோது பள்ளிக்கூடத்துக்குப் போகிற வீதியில் தண்ணீர் ஏறிவிட்டது. அங்கே போய்ச் சேர்ந்தவர்களை மேட்டிலிருந்த ஒரு மண்டபத்துக்கு ஏற்றிப் போனார்கள். உதவிப் பணிப்பாளர் இரத்தினசிங்கம் தன் அறையிலிருந்து எழுந்து அவளுடைய மேசைக்கு வந்தார்.

“இடம் மாறிப்போச்சு. உடன மாத்த ஏலுமோ?”

“ஓம் சேர். இனித் திறக்கிற ஆக்களுக்கு மண்டபம்தான் காட்டும்.”

“அப்ப திருப்பி அனுப்பத் தேவையில்லை?”

“இணைப்பு அதேதான் சேர்.”

“நல்லது. இன்னொரு செய்திக்கு அனுமதி எடுக்கப் போனால் பொழுதுபட்டிடும்.”

அவள் மாற்றினாள். மாற்றியது ஒரு நிமிட வேலை.

வெருகலில் சோமசேகரம் என்ற வயற்காரர் அந்தச் செய்தியைக் காலையிலேயே திறந்து பார்த்திருந்தார். மாடுகளை மேட்டுக்கு ஓட்டிவிட்டு நேரே பள்ளிக்கூடத்துக்கு வருவதாக மனைவி பூரணியிடம் சொல்லிவிட்டுப் போனார். பூரணி அயலவர்களோடு ட்ரக்டரில் ஏறினாள். வழியில் ஓட்டுகிறவர் எங்கே போவது என்று கேட்க, அவள் தன் போனில் அதே செய்தியைத் திறந்தாள். மண்டபம் என்று இருந்தது. மனுசன் மண்டபத்தைத்தான் பள்ளிக்கூடம் என்று சொல்லிவிட்டார் என நினைத்தாள். கேட்டுப் பார்க்க அவருக்குக் கோல் எடுத்தாள். அதற்குள் டவர் விழுந்துவிட்டது, கோல் போகவில்லை.

சோமசேகரம் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வளவில் தண்ணீர் நெஞ்சளவு நின்றது. மேல்மாடிக்கு ஏறினார். ஒருவரும் இல்லை. ஒரு வகுப்பறையில் ஈரப் பாய்களும் ஒரு பிள்ளையின் சட்டையும் கிடந்தன. ஆட்கள் வந்திருக்கிறார்கள், பிறகு இல்லாமல் போயிருக்கிறார்கள் என்பது மட்டும் அவருக்கு விளங்கியது. பூரணிக்கு நீந்தத் தெரியாது. மாடியின் விளிம்பில் நின்று அவள் பெயரைக் கூப்பிட்டார். குரல் அடைத்த பிறகு கூப்பிடுவதை விட்டு, தண்ணீரில் போகிற பொருட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்டபத்தில் பூரணி வந்து இறங்குகிற ஒவ்வொருவரிடமும் அவரைப் பற்றி விசாரித்தாள். மாடுகளோடு கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு கண்டவர் இல்லை. அவளை ஒருவரும் சமையலுக்குக் கூப்பிடவில்லை. பெண்கள் இரண்டு மூன்று பேர் வந்து பேசாமல் அவளுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். செத்தவீட்டில் இருப்பதுபோல் இருக்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது.

அடுத்த நாள் கடற்படைப் படகு ஒன்று சோமசேகரத்தை மண்டபத்தில் கொண்டுவந்து விட்டது. பூரணி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“சாப்பிட்டீங்களோ?” என்று கேட்டாள்.

அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சண்டை தொடங்கியது.

“மண்டபம் எண்டு வடிவாப் போட்டிருக்கு. வாசிக்காமல் போயிருக்கிறீங்கள்.”

“நான் வாசிச்சனான். பள்ளிக்கூடம் எண்டுதான் கிடந்தது.”

“காட்டுங்கோ பாப்பம்.”

டவர் வேலை செய்யத் தொடங்கியதும் அவர் தன் போனில் வெள்ளத்தன்று காலையில் திறந்த அதே செய்தியைத் திறந்தார். மண்டபம் என்று வந்தது. மூடித் திரும்பவும் திறந்தார். சுற்றி நின்றவர்கள் பகலுக்குப் பிறகு செய்தியைத் திறந்து நேரே மண்டபத்துக்கு வந்தவர்கள்; அவர்களில் ஒருவர் சிரித்தார். மூளை கலங்கியிருக்கும், விடுங்கோ என்றார் இன்னொருவர். பூரணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்குத் திரும்பிச் சேற்றை அள்ளிய நாட்களிலும் அவள் அவரோடு அளவாகத்தான் கதைத்தாள். தன்னைச் சாவீட்டுக்காரியாக இருக்கவைத்தது அவருடைய கவனயீனம் என்றே நினைத்தாள்.

வீதி திறந்ததும் சோமசேகரம் அவளைக் கூட்டிக்கொண்டு மூதூர் வழியாகத் திருகோணமலைக்கு வந்தார். கந்தோரில் கேட்டுக் கேட்டு ஷிஃபானாவின் மேசையைக் கண்டுபிடித்தார். கதிரையில் இருக்கச் சொன்னபோதும் இருக்கவில்லை. போனை மேசையில் வைத்தார்.

“மிஸ், இதை அனுப்பினது நீங்களோ?”

“ஓம் ஐயா.”

“காலமை இதில என்ன இருந்தது? அதை இவவுக்குச் சொல்லுங்கோ. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்.”

அவர் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இரத்தினசிங்கம் அறை வாசலுக்கு வந்துவிட்டார். “எங்கட செய்தி சரியாத்தான் போயிருக்கு. எல்லாம் பதிவில இருக்கு,” என்றார் பொதுவாக.

ஷிஃபானா அவரைப் பார்த்தாள். பிறகு பூரணியின் பக்கம் திரும்பினாள்.

“ஐயா சரியாத்தான் வாசிச்சிருக்கிறார். காலமை பள்ளிக்கூடம்தான் இருந்தது. பகல் மண்டபம் எண்டு மாத்தினது நான்.”

பூரணி கணவனைப் பார்க்கவில்லை. ஷிஃபானாவையே பார்த்தாள்.

“மாத்தினதெண்டு ஏன் பிள்ளை சொல்லேல்லை?”

இணைப்பு அதுதான் என்பதால் திருப்பி அனுப்பத் தேவையில்லை என்று நினைத்ததை ஷிஃபானா விளக்கத் தொடங்கினாள். பாதியில் அது தன் காதுக்கே விளக்கமாகக் கேட்கவில்லை. நிறுத்திவிட்டாள்.

“சொல்லியிருக்கோணும்,” என்றாள்.

பூரணி தலையாட்டினாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, வெளியே போய் விறாந்தையில் கிடந்த நீண்ட மர வாங்கில் உட்கார்ந்தாள். சோமசேகரம் போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். நன்றி சொல்லிவிட்டு பூரணிக்குப் பக்கத்தில் போய் இருந்தார். கொஞ்ச நேரத்தில் பூரணி அவருடைய சட்டைக் கழுத்தில் காய்ந்து கிடந்த சேற்றை நகத்தால் சுரண்டிவிட்டாள்.

இரத்தினசிங்கம் ஷிஃபானாவை அறைக்குள் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். திருப்பி அனுப்பத் தேவையில்லை என்று தானும் ஒத்துக்கொண்ட பேச்சை அவர் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. இனி இடம் மாறினால் புது இணைப்போடு புதுச் செய்தி போக வேண்டும், பழைய இணைப்பைத் திறந்தால் ‘இடம் மாறிவிட்டது’ என்று முதல் வரியில் வர வேண்டும் என்று மட்டும் கேட்டாள். அவசரத்துக்கு அனுமதி கிடைக்காது என்றார் அவர். அனுமதியை இப்போதே எழுதி வாங்கி வைக்கலாம் என்றாள். அவர் ஒப்புக்கொண்டார்.

தை மாதம் திரும்பவும் தண்ணீர் வந்தது. அந்தமுறை தங்குமிடம் இரண்டு தரம் மாற, மூன்று செய்திகள் போயின. ஏன் சும்மா சும்மா அனுப்புகிறீர்கள் என்று கந்தோருக்குக் கோல் எடுத்துப் பேசியவர்கள் அநேகம். ஷிஃபானா ஒவ்வொருவரிடமும் கடைசியாக வந்த செய்தியைத் திறக்கச் சொன்னாள். என்ன இடம் காட்டுகிறது என்று வாசிக்கக் கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தாள்.