பதிவேட்டில் வரகுக்கோழி

வேலப்பன்சாவடி டீக்கடையில் கோவிந்தராஜ் போட்டோவை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். கலியமூர்த்திக்கு அது பழகிவிட்டது. அவன் மனைவி பார்வதம் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து செருப்புகூடப் போடாமல் இறங்கிப்போய் நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. ஃபாக்டரியில் லீவு தீர்ந்து, சம்பளமில்லா லீவில் வேப்பம்பட்டு முதல் காட்டுப்பாக்கம் வரை சைக்கிளிலேயே அலைந்திருந்தான்.

"இந்த அம்மா இல்ல சார்," என்றான் கோவிந்தராஜ். நூம்பலில் ஆதரவற்ற பெண்களுக்கான ஓர் இல்லத்தில் அவன் வாட்ச்மேன். "எங்க ஓம்லயும் ஒரு அம்மா கீது. மொட்டை அடிச்சி, எலும்புந்தோலுமா. பேரு கேட்டா கோழின்னுது. இன்னா கோழி... வரகுக்கோழியாம்."

கலியமூர்த்தி டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

அரியலூர்ப் பக்கம் வரகு விளைந்த காலத்தில் அந்தப் பறவை எப்போதாவது வரும். காய்ந்த வரகுத் தாளின் நிறம். ஆள் அரவம் கேட்டால் ஓடாது, கத்தாது, தாளோடு தாளாக நின்றுவிடும். காலடியில் இருந்தாலும் தெரியாது. வரகு போய்க் கடலை வந்தபின் பறவையும் போனது, பெயரும் போனது. பார்வதத்தின் அப்பா மட்டும் அதை விடாமல் வைத்திருந்தார். புது ஆட்கள் வந்தால் குதிருக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் நின்றுவிடும் மகளை "எங்க என் வரகுக்கோழி" என்று தேடுவார். கல்யாணமான புதிதில் அதை அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள். அவர் செத்தபின் அந்தப் பெயர் தெரிந்தவன் கலியமூர்த்தி ஒருவன்தான்.

அவன் அதைச் சொன்னது ஒரே ஒரு முறை. இரண்டாவது குழந்தையும் பிறந்த அன்றே போய், புதைத்துவிட்டு வந்த மத்தியானம். சொந்தக்காரர்கள் அழுதுகொண்டிருக்க, பார்வதம் சுவரோரம் அசையாமல் நின்றாள். அவனுக்கு வெறி வந்தது. "ஏன்டி வரகுக்கோழி மாதிரி நிக்கற? பெத்தவதானே நீ? ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா ஒனக்கு?" எல்லார் முன்னாலும் கேட்டான். அஞ்சாம் நாள் அவள் வீட்டில் இல்லை.

இல்லத்தில் பொறுப்பாளர் லூர்தம்மாள் பதிவேட்டைத் திருப்பினாள். பெயர் வரகுக்கோழி, ஊர் தெரியாது. சேர்த்த தேதியின் மேல் கலியமூர்த்தி விரலை வைத்தான். பார்வதம் வீட்டைவிட்டுப் போன மூன்றாம் நாள் அது.

"நான் பன்னெண்டாம் நாளே இங்க வந்தேங்க. ஒங்ககிட்டதான் கேட்டேன்."

"பார்வதம்னு கேட்டீங்க. அந்தப் பேர்ல யாரும் இல்லீங்களே, போட்டோவும் இவங்க சாயல்ல இல்ல," என்றாள் லூர்தம்மாள். அவள் முகமும் வாடிவிட்டது. "நாங்க அத ஏதோ புத்தி பேதலிச்சுச் சொல்றாங்கன்னுதான் நெனச்சோம். சனிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தறோம். அதுக்கு முன்னாடி அவங்களா உங்களத் தெரியும்னு சொன்னாதான் உங்களோட அனுப்ப முடியும். பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போறவங்களும் இருக்காங்க."

பின்கட்டில் துவைக்கிற கல். நாலைந்து பெண்கள். மொட்டைத் தலையோடு குனிந்திருந்தவளின் கழுத்தெலும்பைப் பார்த்தே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"பார்வதம்."

அவள் திரும்பவில்லை. "பார்வதம், நாந்தான் வந்திருக்கேன்." கல்லில் துணி அடிபடும் சத்தம் மாறவே இல்லை. லூர்தம்மாள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு பெயர் தொண்டைவரை வந்து நின்றது. அப்பா கூப்பிட்ட பெயரையா இவள் இங்கே சொன்னாள், இல்லை நான் எறிந்த பெயரையா? என் வாயிலிருந்து அதை இன்னொரு முறை கேட்டால் இவள் எங்கே போவாள்? சனிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

"வரகுக்கோழி," என்றான். "மன்னிச்சுக்க."

துணி அடிப்பது நின்றது. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கண்ணில் கோபமும் இல்லை, அடையாளம் தெரிந்த சாயலும் இல்லை. பிறகு வாளியிலிருந்து நனைந்த பெரிய போர்வையை இழுத்து, ஒரு முனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, பக்கத்தில் யார் நின்றாலும் கொடுப்பதுபோல மறுமுனையை அவன் பக்கம் நீட்டினாள்.

கலியமூர்த்தி அதைப் பிடித்துக்கொண்டான். அவள் வலப்பக்கம் முறுக்கினாள், அவன் இடப்பக்கம். போர்வை இறுகி இறுகி இருவருக்கும் நடுவில் கயிறானது. நீர் சிமெண்டுத் தரையில் விழுந்து அவர்கள் கால்களை நனைத்து ஓடியது. அவள் இன்னும் முறுக்கிக்கொண்டிருந்தாள்.