டிஸ்க் இல்லாத திரை

சுகுமாரன் லேப்டாப்பை எங்கள் கம்ப்யூட்டர் கடை மேசையில் வைத்தபோதே எனக்கு அவரை அடையாளம் தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியவில்லை.

"தங்கச்சி, தேவன் எங்க?"

"கூலிம் போயிருக்காரு. பிரிண்டர் மாட்ட."

"அப்ப நீயே பாரு. என் பழைய லேப்டாப் செத்துப் போறதுக்கு முன்னாடி கல்யாணப் படத்த இதுல இறக்கிட்டேன். பேரு போடற வேலைதான் பாக்கி. அந்த சாஃப்ட்வேர் விண்டோஸ் பதினொன்னுல ஓடமாட்டேங்குது. பத்து போட்டுக் குடு. படம் டி டிரைவ்ல இருக்கு, அதத் தொட்டுறாத."

"வேற காப்பி இருக்கா அண்ணே?"

"கேமரா கார்ட அழிச்சி அடுத்த காதுகுத்துக்குப் போட்டாச்சி. எல்லாரும் அப்படித்தான்லா. நாளைக்கு ஜித்ராவுல விருந்து, மண்டபத்துல படத்த ஓட்டணும். சீக்கிரம்."

கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில், கோயில் தேவாரப் போட்டியில், பள்ளி நாளில் நான் மேடையேறியபோது படம் பிடித்தவர் இவர்தான். மைக்கைப் பிடித்தேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. வாயை மூடவும் தெரியாமல் அப்படியே நின்றேன். அதை வெட்டி, ஆடு கத்துவதைச் சேர்த்து, தன் இணையப் பக்கத்தில் போட்டார். ஊரே பார்த்துச் சிரித்தது. இடைநிலைப் பள்ளியில் மலாய்ப் பையன்கள்கூட என்னைக் கண்டால் 'கம்பிங்', ஆடு, என்று கத்தினார்கள். அம்மா அவர் வீட்டுக்கே போய் அதை எடுக்கச் சொல்லிக் கெஞ்சினார். "தமாசுதானே அக்கா" என்று அனுப்பிவிட்டார். மூன்றாம் படிவத்தோடு நான் பள்ளிக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். அவரோ ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அதை மறுபடி போடுகிறார்.

பழைய விண்டோஸை ஏற்றத் தொடங்கினேன். எந்த டிஸ்க்கில் போடுவது என்று கேட்கும் இடம் வந்தது. பட்டியல் வெறுமையாக இருந்தது. டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை என்றது திரை.

அவர் எட்டிப் பார்த்தார். "டிஸ்க் எங்க?"

"காணோம்ணே."

"காணோம்னா? டி?"

"எதுவுமே காட்டல."

நான் சொன்னது பொய்யில்லை. டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. புதுவகை லேப்டாப்களின் டிஸ்க்கைப் படிக்கும் டிரைவர் பழைய விண்டோஸில் இருக்காது, நாம்தான் தனியாகக் கொடுக்க வேண்டும். தேவன் அண்ணன் அதைப் பென்டிரைவில் போட்டு, மேசை இழுப்பு லாச்சியில் வைத்திருந்தார். லாச்சி என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. நான் திறக்கவில்லை.

அவருடைய கைப்பேசி அடித்தது. எப்போதும்போல ஸ்பீக்கரில்தான் பேசினார்.

"தம்பி சுகு, படம் ரெடியா?" கல்யாணப் பெண்ணின் அப்பா பரஞ்சோதி. ஜித்ராவில் லாரி கம்பெனி வைத்திருப்பவர்.

சுகுமாரன் என்னைப் பார்த்தார். "வருமா?" என்று கண்ணாலேயே கேட்டார். ஒரு வார்த்தை போதும். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி?"

அவர் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. ஐசி அடையாள அட்டையை நகலெடுக்கக் காத்திருந்த பிச்சையம்மாள் ஆன்ட்டி, "என்னா தம்பி, நாக்கு ஒட்டிக்கிச்சா?" என்றார்.

"ஐயா... படம் போச்சுங்கய்யா. ஹாபிஸ், எல்லாம் முடிஞ்சிச்சி. டிஸ்க்கே இல்ல."

"எம்மக கழுத்துல தாலி கட்டினத அழிச்சிட்டியாடா?" அதற்குப் பிறகு பரஞ்சோதி சொன்னவற்றை எழுத மாட்டேன். தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். நாளைக்கு மண்டபத்துப் பக்கம் தலை காட்டக்கூடாது, இனி கெடாவில் எந்தக் கல்யாணத்திலும் நீ கேமரா தூக்க முடியாது என்று சொல்லிப் போனை வைத்தார்.

சுகுமாரன் ஸ்டூலில் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

லாச்சியைத் திறந்து பென்டிரைவைச் செருகினேன். டிரைவரைக் காட்டி ஏற்றினேன். பட்டியலில் சி வந்தது. அடியில் டி வந்தது.

அவர் எழுந்து நின்றார். "இது... இது இப்ப எப்படி?"

"டிரைவர் குடுத்தா வரும்ணே."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் வாயத் தொறக்கல?"

"தொறந்தா எனக்குச் சத்தம் வராதுண்ணே. நீங்கதான் படம் புடிச்சீங்களே."

என்னை உற்றுப் பார்த்தார். புரிய நேரமானது. புரிந்ததும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

நான் டி-யைத் தேர்ந்தெடுத்து, மவுஸை ஃபார்மேட் என்ற சொல்லின்மேல் நிறுத்தினேன். "அந்த வீடியோவ எடுங்க. இப்பவே. எனக்குக் காட்டி எடுங்க."

அந்தக் கல்யாணப் பெண் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. டி-யை நான் அழித்திருக்கவே மாட்டேன். அது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. கைப்பேசியைத் தேய்த்து, எங்கெங்கு போட்டிருந்தாரோ அங்கெல்லாம் எடுத்தார். ஒவ்வொன்றையும் என்னிடம் நீட்டிக் காட்டினார்.

மவுஸை நகர்த்தி, சி-யை மட்டும் ஃபார்மேட் செய்து, நெக்ஸ்ட் அழுத்தினேன். விண்டோஸ் ஏறத் தொடங்கியது.

"தங்கச்சி, ஐயாகிட்ட நீயே சொல்லும்மா. உன் தப்புன்னு சொல்ல வேணாம். டிஸ்க் கெடைச்சிடுச்சின்னு மட்டும் சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டாரு."

"நீங்களே சொல்லுங்க."

அழைத்தார். பரஞ்சோதி எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். படம் நாளைக்குள் பெண்ணின் கைக்குப் போய்விடும், அதை நானே பார்த்துக்கொள்வேன். இவர் பெயர் அந்த மண்டபத்தில் என்னவாகும் என்பது என் வேலையில்லை.

அவர் மூன்றாவது முறை அழைக்கும்போது நான் ஆன்ட்டியிடம் கை நீட்டி ஐசியை வாங்கினேன். "ரெண்டு பக்கமுமா, ஆன்ட்டி?" என்று கேட்டேன். என் குரல் கடைக்கு வெளியேயும் கேட்டிருக்கும்.