ஸ்டேக்குக்கு இன்னா தொட்டுக்க

ஸ்டேக் என்ற சொல்லை ரத்னா முதன்முதலாகக் கேட்டது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், புருஷன் அப்பாவு வாயால்தான். ஷிப்டு முடிந்து வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்தவன், ஞாயிற்றுக்கிழமை வெர்னர் சார் நம்ம வூட்டுக்குச் சாப்பிட வருகிறார், மாட்டுக்கறியில் ஸ்டேக்கோ என்னமோ அவரே போட்டுக்கொள்வாராம், தொட்டுக்க மட்டும் நாம் ஏதாவது செய்தால் போதுமாம் என்று ஒரே மூச்சில் சொன்னான். சொன்ன கையோடு, அவள் முகத்தைப் பார்க்காமல் கால் கழுவப் போய்விட்டான்.

வெர்னர் ஜெர்மனிக்காரர். ஒரகடம் சாலையில் அப்பாவு ஃபிட்டராக வேலை பார்த்த தொழிற்சாலைக்குப் புது பிரஸ் மெஷினைப் பூட்டி ஓட்டிக் காட்ட வந்திருந்தார். முதலாளியின் கெஸ்ட் ஹவுஸ் ஸ்ரீபெரும்புதூரில் பெருமாள் கோயிலுக்குப் பின்தெருவில் இருந்தது. அங்கே முட்டைகூட வாசல்படி ஏறாது. வந்த நாளிலிருந்து மனுஷன் தயிர்சாதமும் சப்பாத்தியும் தின்று பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவு டிபன் பாக்ஸைத் திறந்தபோது வாசனை அவரை இழுத்துவிட்டது. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். கண்ணை மூடித் திறந்து, பீஃப்தானே என்று கேட்டார். சத்தமாகவே கேட்டார். பக்கத்தில் லைன் ஆட்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அப்பாவு ஆமாம் என்று தலையாட்டி, வீட்டுக்கும் கூப்பிட்டுவிட்டான்.

ரத்னா பயந்தது அந்த ஆமாமுக்குத்தான். அவள் அதே கம்பெனியின் கேன்டீனில் வேலை பார்த்தாள். பாத்திரம் கழுவச் சேர்ந்தவள், பழைய சமையல்காரர் நின்ற பிறகு அடுப்படிக்கு ஏறி, இப்போது சாம்பாரும் பொரியலும் அவள் கைப்பக்குவம்தான். வல்லக்கோட்டைப் பக்கத்து ஆட்கள், வாலாஜாபாத் பக்கத்து ஆட்கள், மாலை போட்ட சாமிமார்கள் என்று எல்லோரும் அவள் கரண்டிக்குத் தட்டை நீட்டினார்கள். அவள் எந்தக் காலனியிலிருந்து வருகிறாள், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் முடிந்து அவள் வீட்டில் என்ன வேகிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டுவிடப்போகிறார்களே என்ற பயம் மட்டும் அவளுக்குப் போனதில்லை. திங்கட்கிழமை காலையில் சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். டிபன் பாக்ஸில் கறி இருந்தால் ஆட்டுக்கறி என்றே சொல்லு என்று புருஷனுக்குக் கட்டளை.

“நீ சுளுவா ஆமான்னுட்டு வந்துட்ட,” என்றாள். “திங்கக்கெழமை நான் கரண்டியத் தூக்குனா எவன் தட்ட நீட்டுவான்?”

அப்பாவு துண்டால் முகத்தைத் துடைத்தான். “அந்தாளு மூஞ்சியப் பாத்தா பொய் வரல ரத்னா.”

அதற்கு மேல் அவனிடம் பேசிப் பயனில்லை. கூப்பிட்டாகிவிட்டது. வருகிற ஆளை வாசலிலிருந்து திருப்பி அனுப்பவா முடியும்? பயத்தை ஓரமாக வைத்துவிட்டு, தொட்டுக்க என்ன செய்வது என்கிற கவலையை எடுத்துக்கொண்டாள். அது கொஞ்சம் கைக்கு அடங்குகிற கவலையாக இருந்தது.

முதலில் அந்தக் கறி எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமே. கை கனத்துக்குத் துண்டம், உப்பு, மிளகு, வெண்ணெய், அவ்வளவுதானாம். இஞ்சி இல்லை, பூண்டு இல்லை, மிளகாய்த்தூள் இல்லை. குழம்பும் இல்லை. உள்ளே சிவப்பாக இருக்கும்போதே இறக்கிவிடுவாராம். கேட்கக் கேட்க ரத்னாவுக்கு அந்தக் கறிமேலேயே பரிதாபம் வந்தது. சோறு வேண்டாம் என்று வேறு சொல்லியிருந்தார். வேறு எதுவானாலும் சரி, வெள்ளைச் சோறு மட்டும் கண்ணில் காட்டாதே என்று கையெடுத்துக் கும்பிட்டாராம்.

சனிக்கிழமை கேன்டீனிலிருந்து திரும்பியதும் பக்கத்து வீட்டு ஞானம்மாவிடம் போய்க் கேட்டாள். ஞானம்மா கல்யாணத்துக்கு முன்பு செங்கல்பட்டில் ஒரு மிஷன் பங்களாவில் வேலை செய்தவள். வெள்ளைக்காரர்கள் எதையும் வேகவைத்துத்தான் தின்பார்கள், உருளைக்கிழங்கு, கேரட்டு, பீன்ஸ் மூன்றையும் உப்பு போட்டு அவித்துத் தட்டில் வை, நோயாளிக்கு வைப்பது போல வைத்தால் சரியாக இருக்கும் என்று அடித்துச் சொன்னாள். அப்பாவுவோ ஓட்டலில் பரோட்டா கட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்றான். பரோட்டாவுக்குச் சால்னா வேணும், சால்னாவுக்கு மசாலா வேணும், அப்புறம் அவர் கறி எதுக்கு என்று ரத்னா அவன் வாயை அடைத்தாள்.

அன்றைக்கே வாலாஜாபாத் சந்தைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். ஏரிகள் நிரம்பி ரோட்டோரம் வரை தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. நம்ம கறி வறுவலுக்குக் கூட என்ன வைக்கிறோம்? ரசம், பச்சை வெங்காயம், எலுமிச்சம்பழம். எதற்கு வைக்கிறோம்? கொழுப்பை அறுக்கப் புளிப்பு, மெல்லுகிற வாய்க்கு நடுவில் மெதுவாக ஒன்று, கண்ணுக்குப் பச்சையாக ஒன்று. துரைக்கும் அதே நாக்குதானே. அப்படி நினைத்ததும் பாதி பாரம் இறங்கியது போல இருந்தது.

உருளைக்கிழங்கு வாங்கினாள், வேகவைத்து மசித்து வெண்ணெயும் மிளகும் போட. நாட்டுத் தக்காளி வாங்கினாள், காரம் குறைத்துத் தொக்கு கிண்ட. பெரிய வெங்காயம், வளையம் வளையமாக அரிந்து கருகாமல் சிவக்க வதக்க. பீன்ஸை ஒரு பிடி எடுத்து ஒடித்துப் பார்த்தாள், நார் உரிந்தது, அப்படியே போட்டுவிட்டாள். பச்சைக்கு என்ன என்று சந்தையைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் வீட்டு வேலியில் நிற்கிற முருங்கை இருக்க இதென்ன அலைச்சல் என்று தன்னையே திட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் அப்பாவு பூந்தமல்லி போய், எலும்பில்லாத முதுகுப்பக்கக் கறியாகப் பார்த்து வாங்கி வந்தான். கோயில் முடிந்து சமையல் வாசனை தெருவில் இறங்குகிற நேரத்துக்குக் கம்பெனி ஜீப் சேற்றில் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. டிரைவர் எல்லப்பன் இறங்கினான். வெர்னர் இறங்கினார். பின்சீட்டிலிருந்து மூன்றாவதாக ஒருவர், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சேற்றில் கால் வைத்தார்.

கோதண்டராமன். கேன்டீன் பொறுப்பு முழுக்க அவர் கையில். ஸ்ரீபெரும்புதூர்க்காரர், நெற்றியில் திருமண் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு வெளிநாட்டு ஆளைத் துணையில்லாமல் எங்கேயும் அனுப்பக்கூடாது என்று கம்பெனியில் உத்தரவு. லீவு நாளில் அகப்பட்டவர் அவர்தான்.

ரத்னா கையிலிருந்த மத்தை அப்படியே உருளைக்கிழங்கில் நட்டுவிட்டு நின்றாள். ஓடி ஒளியவும் இடமில்லை. வீடே ஒரு அறைதான்.

வெர்னர் எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, வெளியே கல் அடுப்பில் இரும்பு தோசைக்கல்லைப் போட்டுக் காயவைத்தார். புகை வரும்வரை காத்திருந்து கறியைப் போட்டார். சொய்யென்று ஒரு சத்தம், அதன் பின்னாலேயே வெண்ணெயும் கறியுமாக ஒரு வாசனை காலனி முழுக்கப் பரவியது. கோதண்டராமன் தள்ளிப் போய் வேப்பமரத்தடியில் போட்ட இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, தெருவுக்கு அப்பால் தெரிந்த ஏரியைப் பார்த்தார்.

ரத்னா பரிமாறினாள். கறிக்குப் பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு, அதன் மேல் சிவந்த வெங்காயம், ஓரத்தில் தக்காளித் தொக்கு, பூண்டு தட்டிப் போட்டு வதக்கிய முருங்கைக்கீரை. வெர்னர் கறியை அரிந்து, உருளைக்கிழங்கைத் தொட்டு, வெங்காயத்தைச் சேர்த்து வாயில் வைத்தார். இரண்டாம் தடவை வெங்காயம் கேட்டார். தொக்கு காரத்தில் மூக்கு சிவந்து கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் விடவில்லை, கறியின் சாற்றோடு குழைத்து வழித்தார். கீரையை முதலில் கத்தி முனையால் கிளறிப் பார்த்தவர் பிறகு கிண்ணத்தோடு பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பக்கத்து வாசலிலிருந்து தட்டை எட்டிப் பார்த்த ஞானம்மா, நாக்கு செத்தவர்கள் இல்லை போலிருக்கிறதே என்று முணுமுணுத்தாள்.

எல்லப்பன் ரகசியமாக அடுப்படிக்கு வந்து, மிச்சக் கறியை நம்ம மாதிரி மிளகாய் போட்டு வறுத்துத் தரமுடியுமா என்று கேட்டான். ரத்னா அவனை நிமிர்ந்து பார்த்தாள். பூந்தமல்லியில் வண்டி நிறுத்தினாலே தனக்கு இதுதான் சாப்பாடு, வீட்டில் மட்டும் சொல்லாதே அக்கா என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக வேப்பமரத்தடிக்கு நடந்தாள். திங்கட்கிழமை வரை காத்திருந்து சாவதைவிட இப்போதே கேட்டுவிடுவது மேல்.

“சார், இந்த வூட்ல மாட்டுக்கறி ஆக்குவோம்,” என்றாள். “இதே கையாலதான் கேன்டீன்லயும் ஆக்கறேன். இன்னா செய்யப்போறீங்கன்னு இப்பவே சொல்லிடுங்க.”

கோதண்டராமன் ஏரியிலிருந்து கண்ணை எடுத்தார்.

“நீ வேலைக்குச் சேந்த அன்னிக்கே தெரியும்மா,” என்றார். “நீ எந்த ஊரு, எந்தக் கோயிலுன்னு பாக்காமலா அடுப்படியில விட்டேன்? நடுவுல ரெண்டு பேர் வந்து முணுமுணுத்தாங்க. சாப்பாடு புடிக்கலன்னா டோக்கனைக் குடுத்துட்டுப் போங்கன்னேன். ஒருத்தனும் குடுக்கல. மறுநாள் உன் வத்தக்குழம்புக்கு முன்வரிசையில நின்னாங்க.”

அவர் தோசைக்கல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“நான் இங்க சாப்பிடமாட்டேன். அது என் பழக்கம், இந்த வயசுல மாத்திக்க வராது. அதை மனசுல வெச்சுக்காத. உன் வேலைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.”

அப்பாவு வேலியோரத் தென்னையில் ஏறி ஒரு இளநீர் பறித்துச் சீவிக் கொடுத்தான். அவர் அண்ணாந்து குடித்துவிட்டு, நாளைக்குப் பூசணிக்காய் வண்டி சீக்கிரம் வந்துவிடும், முதல் பஸ்ஸில் வந்துவிடு என்று மட்டும் சொன்னார்.

ஜீப் கிளம்பும்போது வெர்னர் ரத்னாவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கி ஜெர்மன் பாஷையில் ஏதேதோ சொன்னார். அப்பாவு இங்கிலீஷில் கேட்டுப் பார்த்து, வெங்காயத்தைப் பற்றி ஏதோ என்று அர்த்தம் சொன்னான்.

வண்டி ஏரிக்கரை திரும்பி மறைந்தது. ரத்னா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் பெருமூச்சு வந்தது, அப்புறம் கோபம் வந்தது. தெரிந்தே இருந்ததை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனை வருஷம் அவள் பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்காருவது என்று யோசித்திருக்க வேண்டாமே. அப்பாவு பேசாமல் இரண்டு தட்டில் மிச்சத்தையெல்லாம் போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். வெர்னர் போட்ட கறியில் ஒரு துண்டைச் சும்மா தின்று பார்த்தாள். இன்னா இது, ஒண்ணுமே இல்லையே என்றாள். வெங்காயமும் தொக்கும் சேர்த்துத் தின்றாள். அது வேறாக இருந்தது. இன்னொரு துண்டு எடுத்தாள். தின்னத் தின்னக் கோபம் எங்கேயோ கீழே இறங்கி, பசி மட்டும் மிஞ்சியது. வெள்ளிக்கிழமையிலிருந்து தான் சரியாகச் சாப்பிடவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மழை தூற ஆரம்பித்தது. பாத்திரங்கள் போட்டது போட்டபடி கிடந்தன. பகலில் படுத்துப் பழக்கமில்லாதவள், ஒரு நிமிஷம் என்று பாயை விரித்தாள். நாளைக்குப் பூசணிக்காயைப் பெரிய துண்டாகப் போடுவதா சின்னதாகப் போடுவதா என்று யோசித்துக்கொண்டே இருந்தாள். பின்பக்கத்தில் அப்பாவு தோசைக்கல்லைத் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியாது.