ஹெம்ப் நிறச் சாயம்

நல்லூரில் தங்கதுரையின் பனியன் கம்பெனியில் சித்ராதேவி மெர்ச்சண்டைசர்; ஆர்டர்களை முதலிலிருந்து ஷிப்மென்ட் வரை கவனிப்பவள். ஜெர்மனிக்காரர்கள் கேட்ட டி-ஷர்ட்டுக்காகச் சீனாவிலிருந்து முதலில் ஒரே ஒரு ரோல் துணி வந்திறங்கியது. பாதி பருத்தி, பாதி ஹெம்ப். கஞ்சா இனத்திலேயே போதை இல்லாத நார்ச்செடியாம். சாயம் ஏற்றாத அந்தப் பழுப்பும், விரலில் உரசிய சொரசொரப்பும் அவளுக்கு உடனே பிடித்துப்போயின. பருத்தியைவிடக் குறைந்த தண்ணீரில் வளரும், நாரும் உறுதி என்று அந்த ஜெர்மனி பையர் அனுப்பியிருந்த குறிப்பை வரி விடாமல் படித்தாள். படித்த கையோடு அருப்புக்கோட்டைப் பக்கம் பருத்தி போட்டிருந்த அப்பா காசிமாயனுக்கு போன் செய்தாள்.

"இதுக்கு மருந்தே அடிக்க வேண்டாமாம்ப்பா. நம்ம காட்டுல போட்டா என்ன?"

"போட்டா போலீஸ்காரவுக ஜீப்புல வந்து அறுத்துட்டுப் போவாக தாயி" என்று சிரித்தார் அவர்.

சட்டம் ஒருநாள் மாறாமலா போகும் என்று நினைத்துக்கொண்டாள். ஓடையெல்லாம் சாயமாக ஓடுகிற ஊருக்கு இப்படியொரு சரக்கு வந்ததில் அவளுக்குப் பெருமைகூட இருந்தது.

ஷிப்மென்ட் நெருங்கியபோது, வேறொரு ஆர்டருக்கு நிறம் பார்க்கச் சாயப்பட்டறைக்குப் போனாள். மாஸ்டர் கன்னையன் மிஷினிலிருந்து பழுப்புத் துணியை உருவிக்கொண்டிருந்தார்.

"இது யாரோட ஆர்டருண்ணா?"

"உங்குளுதுதானுங்க. அந்த ஹெம்ப்பு. நெறம் சரியா வந்துருக்குதுங்களா?"

தொட்டுப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. சுத்தப் பருத்தி. சாயமே ஏற்றாத துணியின் நிறத்தைச் சாயம் போட்டு வரவழைத்திருந்தார்கள். பின்பக்கக் குழாயிலிருந்து பழுப்புத் தண்ணீர் ஆவி பறக்க ஓடையில் விழுந்து, ஏற்கெனவே கிடந்த நீலத்தோடு கலந்து நுரைத்தது. அழுகிய முட்டை நாற்றம். துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினாள்; துப்பட்டாவிலும் அதே நாற்றம்.

நேராகத் தங்கதுரையின் அறைக்குப் போனாள்.

"சார், அது வெறும் காட்டன்."

அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "மிச்ச ஹெம்ப்புத் துணி வந்து சேர இன்னும் நாளாகுமாம் கண்ணு. பையரு காத்துட்டு இருப்பானுங்களா? டெஸ்ட்டுக்கு மொதல் ரோல்லயே வெட்டி அனுப்பியாச்சு."

"டேக்ல 'இந்தச் சட்டை ஓர் ஆற்றைக் காக்கிறது'ன்னு போட்டிருக்கு சார்."

"நல்ல வாசகந்தானே?" என்று மீசையிலிருந்த டீயைத் துடைத்தபடி சிரித்தார். சாயப்பட்டறை நாற்றமே தேவலை என்று இருந்தது அவளுக்கு.

துணியில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பையிங் ஆபீசுக்குப் போனாள். பையருக்காகச் சரக்கைச் சரிபார்ப்பவள் ரோஸ்மேரி. தூத்துக்குடிக்காரி, கறார் பேர்வழி என்று பெயரெடுத்தவள். அவள் துண்டை இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"காட்டன்தான். கைய வச்சதுமே தெரியுதே."

"அப்ப நான் பையருக்கே மெயில் போடுறேன்க்கா."

"தாராளமாப் போடு. நேத்து பட்டறையில துணியப் பாத்தப்பவே நான் அவங்ககிட்ட சொல்லிட்டேன். டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கான்னு மட்டும் கேட்டாங்க. இருக்குன்னேன். அப்ப அனுப்புங்கன்னுட்டாங்க."

துண்டு குப்பைக்கூடைக்குப் போனது.

சட்டைகள் தைத்து முடிந்து பேக்கிங் ஆனபோது, ஹெம்ப் என்று போட்டிருந்த பேக்கிங் லிஸ்டில் சித்ராதேவி கையெழுத்துப் போட மறுத்தாள். தங்கதுரை கோபப்படக்கூட இல்லை. பக்கத்து டேபிளில் இருந்த சீனிச்சாமியைக் கூப்பிட்டுப் போடச் சொன்னார். கன்டெய்னர் கிளம்பியது. அவளும் வேலையை விட்டாள்.

அவிநாசியில் ஜட்டி தைக்கிற ஒரு கம்பெனியில் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனாள். அங்கேயும் சாக்கடையில் சிவப்பு நுரை நின்றது. முதலாளி அவளுடைய பழைய கம்பெனியின் பெயரைக் கேட்டதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க, அங்க ஹெம்ப்பு ஆர்டர் பாத்தது நீங்கதானுங்களா? நல்ல காசாமே. நமக்கும் அப்பிடி ஒண்ணு புடிச்சுத் தர முடியுங்களா?"

சித்ராதேவி தன் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டாள்.

"அது எனக்குத் தெரியாதுங்க சார். ஜட்டின்னா பாக்குறேன்."